நாற்பதாண்டுப் பழைய விமான ரேடியோ: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

டெக்சாஸில் நாங்கள் சிலர் சேர்ந்து வைத்திருக்கும் 1979ஆம் ஆண்டு செஸ்னா 172என் விமானத்தில், 1980களில் பொருத்தப்பட்ட 28 வோல்ட் கேஎக்ஸ் 155 ரேடியோ (பேசுவதற்கும் வழியறிவதற்கும் ஆனது), இந்தக் கோடை தொடங்கியதிலிருந்து, பறக்க ஆரம்பித்து அரைமணி நேரத்தில் சூடேறியதும் ஒலிபரப்புவதை நிறுத்திவிடுகிறது. கேட்பது மட்டும் தெளிவாகவே இருக்கிறது. அதன் வாயுவொளித் திரையிலும் இலக்கங்கள் பாதி மங்கிவிட்டதால் அலைவரிசையை ஊகித்தே படிக்க வேண்டியுள்ளது. கருவிகளை மட்டும் நம்பி மேகத்துக்குள் பறக்கும்போது இதை என்னால் ஏற்க முடியாது.

ஆன்டெனா, அதன் கேபிள், மின்னழுத்தம், குளிரூட்டும் விசிறி ஆகிய அனைத்தையும் உரிமம் பெற்ற மெக்கானிக் சோதித்துவிட்டார். இணைப்பு முனைகளையும் சுத்தம் செய்தார். அதே இடத்தில் இரவல் வாங்கிய வேறொரு கேஎக்ஸ் 155-ஐச் செருகியபோது குறை தோன்றாததால், கோளாறு பெட்டிக்குள்தான் இருக்கிறது.

அசல் திரை கிடைப்பது அரிது என்பதால் எல்இடி திரையைப் பொருத்தித் தருவதாகச் சொல்லும் பழுதுபார்ப்புக் கூடம், ஒலிபரப்பும் பகுதிக்கு உத்தரவாதம் தர மறுக்கிறது. கார்மின் ஜிஎன்சி 255 என்ற வேறு ரேடியோவுக்கு மாறினால், அதைச் செருகும் ரேக்கையும் வயரிங்கையும் புதிதாகச் செய்ய வேண்டும். அதற்காக, இந்த ரேடியோவோடு இணைந்து வழிகாட்டும், நன்றாக இயங்கும் கேஐ 209 குறிகாட்டியின் இணைப்புகளைக் கலைக்க எனக்கு மனமில்லை.

இதே பெட்டியில் திரையை மாற்றி, ஒலிபரப்பும் பகுதியையும் பழுது பார்த்தவர்களுக்கு அந்த வேலை சில ஆண்டுகளாவது நிலைத்ததா?