தெற்றிய முன்பற்களுக்குச் செராமிக் உறை போடலாமா?

கேள்வி (பாளையங்கோட்டை):
என் தங்கைக்கு வயது 23. மேல்வரிசை முன்பற்கள் நான்கில் இரண்டு சற்றுத் திரும்பியும், ஒன்று பின்னுக்குத் தள்ளியும் இருக்கின்றன. சொத்தையோ வலியோ இல்லை. தை மாதத்தில் திருமணம் என்பதால், கிளிப் போட்டால் நாளாகும் என்றும், நான்கு பற்களையும் சீவிச் செராமிக் உறை மாட்டினால் சில வாரங்களில் வரிசை நேராகத் தெரியும் என்றும் ஒரு மருத்துவர் கூறுகிறார். வீட்டார் அனைவரும் சம்மதித்துவிட்டார்கள். நல்ல பல்லைச் சீவுவது எனக்குத்தான் உறுத்துகிறது. விவரம் அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் (பல் மருத்துவர், தென்காசி):
உங்கள் உறுத்தல் நியாயமானதே. உறை பல்லை நகர்த்துவதில்லை. கோணலான பல்லைச் சீவிச் சிறிதாக்கி, அதன்மேல் நேரான வடிவத்தைப் பொருத்துகிறது. இதற்காகச் சுற்றிலும் ஏறத்தாழ 1 முதல் 1.5 மி.மீ., கடிக்கும் விளிம்பில் 1.5 முதல் 2 மி.மீ. வரை சீவ வேண்டியிருக்கும். திரும்பிய பல்லில் ஒரு பக்கம் இன்னும் ஆழமாகச் சீவ நேரும். இளம் வயதில் உள்ளிருக்கும் பல்கூழ் (நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள மென்பகுதி) பெரிதாக இருப்பதால் அது பாதிக்கப்பட்டு, நோயே இல்லாத பல்லுக்கு வேர் சிகிச்சை செய்யும் நிலை வரலாம். சீவிய எனாமல் மறுபடி வளராது. நன்றாகப் பராமரித்தாலும் உறையைப் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற நேரிடும் என்பதால், 23 வயதில் தொடங்குபவர் வாழ்நாளில் பலமுறை இச்செலவைச் சந்திப்பார். உடைந்த பல், பெரிய அடைப்புள்ள பல், வேர் சிகிச்சைக்குப் பின் வலுவிழந்த பல் ஆகியவற்றுக்கு உறை அருமையான தீர்வு. கல்யாணத் தேதிக்காக நல்ல பல்லில் போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

பதில் (வள்ளியூர்):
விபத்தில் உடைந்த என் முன்பற்களுக்கு உறை போட்டிருக்கிறேன். எனக்கு வேறு வழியில்லை, பார்வைக்கும் நன்றாகவே இருக்கிறது. ஆயினும் ஈறோரத்தில் அழுக்குத் தங்காமல் தினமும் கவனிக்க வேண்டும். லேபிலிருந்து உறை வரும்வரை மாட்டியிருந்த தற்காலிக உறை, நம்மூர் அல்வாவில் ஒட்டிக் கழன்று வந்துவிட்டது. நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. கிளிப்புடன் மணமேடையில் அமர மாட்டேன் என்கிறாள். அதற்கு வழி உண்டா?

பதில் (பல் மருத்துவர், தென்காசி):
உண்டு. பற்களை மெல்ல நகர்த்தும் அலைனர் என்னும், கழற்றி மாட்டும் ஒளிபுகும் பிளாஸ்டிக் அச்சை நாளொன்றுக்கு 20 முதல் 22 மணி நேரம் அணிய வேண்டும் என்றாலும், தாலி கட்டும் வேளையிலும் புகைப்படம் எடுக்கும்போதும் கழற்றி வைக்கலாம். பல் நிறத்திலேயே செராமிக் கிளிப்பும் கிடைக்கிறது. முன்பற்களை மட்டும் சீராக்கச் சிலருக்கு ஓராண்டுகூடத் தேவைப்படாது; ஆனால் கடிக்கும் அமைப்பைப் பார்க்காமல் காலத்தைச் சொல்ல இயலாது. பற்களைச் சீவ ஒப்புக்கொள்ளும் முன், எக்ஸ்ரேயுடன் பல் சீரமைப்பு நிபுணர் ஒருவரைப் பாருங்கள். சிகிச்சை முடிந்தபின், நேரான பற்களை அதே இடத்தில் நிறுத்தும் ரிடெய்னரை அணியாவிட்டால் பற்கள் பழைய இடத்துக்கே திரும்பும் என்பதையும் தங்கையிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.