ஆத்தங்குடிப் பூக்கல் பட்டறை: விளம்பரமா, ஆளா, மெஷினா, எதில் முதலில் கை வைப்பது?

ஆத்தங்குடிப் பட்டறை கேட்டது:

வணக்கம். காரைக்குடி பக்கம் ஆத்தங்குடியில் அப்பா முப்பது வருஷம் நடத்திய பூக்கல் பட்டறையை நான் கையில் எடுத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. பூக்கல் என்பது கண்ணாடி மேல் அச்சு வைத்து, நிறச் சிமென்ட் ஊற்றிக் கையால் செய்கிற தரைக்கல். அதற்கு முன் கோயம்புத்தூரில் ஐடி வேலை. கூட வேலை பார்த்த நண்பனும் நானும் சேர்ந்து கம்பெனியாகப் பதிந்து, ஜிஎஸ்டி எடுத்து, பெங்களூரு, ஹைதராபாத் வரைக்கும் வீட்டுக்காரர்களுக்கே நேரடியாக அனுப்பத் தொடங்கினோம். அப்பா காலத்தில் காரைக்குடி வியாபாரி லாரி கொண்டுவந்து ஏற்றிப்போவார், பணம் வரும், அதோடு முடிந்தது. எங்களுக்கு லாரி கிளம்பிய பிறகுதான் தலைவலியே ஆரம்பம்.

விளம்பரத்தை முதலில் சொல்கிறேன். கல்லிலிருந்து கண்ணாடியைப் பிரித்து எடுக்கும் வீடியோவை இன்ஸ்டாகிராமில் போட்டால் லட்சக்கணக்கில் பார்க்கிறார்கள். நாலு மாதத்தில் விளம்பரத்துக்கு 85,000 ரூபாய் போனது, விசாரித்தவர்கள் 600 பேருக்கு மேல், ஆர்டர் 9. அந்த ஒன்பதில் நாலு பேர் கல் வெள்ளை பூத்துவிட்டது, பளபளப்பே இல்லை, மூலை உடைந்திருக்கிறது என்று போட்டோ அனுப்பிச் சண்டை போடுகிறார்கள். ஒருவருக்குப் பாதிப் பணம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்தது ஆட்கள். ஐந்து பேர் இருந்தார்கள். அதில் அச்சு வேலையில் கைதேர்ந்தவர், நான் டவுசர் போட்ட காலத்திலிருந்தே எங்களிடம் இருந்தவர், போன மாதம் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விட்டார். அங்கே 40,000 அட்வான்ஸ் கொடுத்தார்களாம். பணம் மட்டும்தான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை, ஆனால் கேட்டால் அவர் ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறார்.

கடைசியாக மெஷின். கல்லை அழுத்தி எடுக்கிற ஹைட்ராலிக் பிரஸ் வாங்கிப் போட்டுவிட்டால் ஆள் பிரச்சினையும் தீரும், உற்பத்தியும் பல மடங்கு ஆகும் என்று பார்ட்னர் ஒற்றைக் காலில் நிற்கிறான். அவனுக்குத் தெரிந்த ஒருவர் பணம் போடவும் தயார். இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். தொழில் நடத்துகிற பெரியவர்கள் யாராவது, எதை முதலில் பிடிக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

பள்ளத்தூர் மேஸ்திரி:

தம்பி, நான் இருபத்தைந்து வருஷமாகத் தரை போடுகிறவன், உங்கள் ஊர்க் கல் நிறையப் போட்டிருக்கிறேன். மெஷின், விளம்பரம் எனக்குத் தெரியாது. அந்த நாலு புகார் மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது, ஏனென்றால் அந்த மாதிரிக் கெட்டுப்போன தரையைச் சரிசெய்யத்தான் என்னைக் கூப்பிடுவார்கள்.

வெளியூர்க் கொத்தனாருக்குத் தெரிந்தது விட்ரிஃபைட் டைல்ஸ். அவர் உங்கள் கல்லையும் அதே மாதிரி நினைத்து வேலை பார்ப்பார். கல் எல்லாம் ஒரே கனம் இருக்காது, சாந்துப் படுக்கையில் ஒவ்வொன்றாக வைத்துக் கையால் அழுத்தி மட்டம் பார்க்க வேண்டும். அவர் சுத்தியலால் தட்டுவார், மூலை போகும். இடுக்குக்கு ஒயிட் சிமென்ட் பூசிவிட்டு உடனே துடைக்காமல் டீ குடிக்கப் போவார், அது கல்லுக்குள் இறங்கிக் கறையாக நிற்கும். எல்லாம் முடிந்து கடைசி நாளில் தரையைச் சுத்தம் செய்கிறேன் என்று ஆசிட் ஊற்றுவார் பாருங்கள், அதோடு கதை முடிந்தது. பூக்கல் என்பது சிமென்ட், ஆசிட் பட்டால் பொங்கும், கண்ணாடி கொடுத்த பளபளப்பு அத்தனையும் அந்த ஒரு வாளியில் போய்விடும். பெங்களூரில் ஒரு வீட்டில் 900 சதுர அடி இப்படிப் போனதை நேரில் பார்த்தேன், அந்த அம்மா திண்ணையில் உட்கார்ந்து அழுதார்கள். இன்னொரு வீட்டில் மெஷின் பாலிஷ் போடக் கிளம்பிவிட்டார்கள். மேல் நிறம் சில மில்லிமீட்டர்தான், தேய்த்தால் என்ன மிஞ்சும்?

வெள்ளை பூப்பது உப்பு. அடியில் ஈரம் காயும்போது மேலே வரும். பயப்பட வேண்டியதில்லை, காய்ந்த துணியால் துடைத்து, தினமும் தண்ணீர் போட்டுத் துடைத்து, நடந்து புழங்கினால் நாளாக நாளாகப் போய்விடும். பிறகு கொஞ்சம் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் மினுங்கும். பெயின்ட் வேலை நடக்கிறது என்று பிளாஸ்டிக் தாளைப் போட்டு மூடினால்தான் ஆபத்து, ஈரம் வெளியே போக வழியில்லாமல் போய்விடும். இதை யாராவது அந்த வீட்டுக்காரருக்கு முன்னாடியே சொன்னீர்களா?

நான் சொல்வது ஒன்றுதான். கல்லோடு ஆளையும் அனுப்புங்கள். நம் பக்கத்தில் பூக்கல் போடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், இரண்டு பேரைப் பேசிவைத்து, போகவர செலவு, சாப்பாடு, சதுர அடிக் கூலி எல்லாம் சேர்த்து விலை சொல்லுங்கள். ஆள் வேண்டாம் என்கிறவர்களிடம், கல் இறங்குகிற அன்றைக்கு அந்த ஊர்க் கொத்தனாரோடு நேரடியாக வீடியோ காலில் பேசுங்கள், வீட்டுக்காரரோடு பேசிப் பிரயோஜனம் இல்லை. அப்புறம் அதே நிறக் கலவையில் அச்சுப்போட்ட கல் நூற்றுக்கு ஐந்தாவது கூடுதலாக அனுப்புங்கள். பிறகு பத்துக் கல் வேண்டும் என்று கேட்டால் அந்த நிறம் திரும்ப வராது.

தேவகோட்டைப் பலகாரக் கடை:

மேஸ்திரி அண்ணன் சொன்னதுதான் முதல் வேலை, அதில் மாற்றுக் கருத்து இல்லை. நான் விளம்பரப் பக்கத்தை மட்டும் பேசுகிறேன். சீப்புச் சீடை, மாவுருண்டை, மனகோலம் போட்டு விற்கிற வீட்டுத் தொழில் என்னுடையது, ஏழு வருஷம் ஆகிறது. ஆரம்பத்தில் நானும் முறுக்குச் சுற்றுகிற வீடியோ போட்டு, பார்த்தவர்கள் எண்ணிக்கையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, மாதக் கடைசியில் எண்ணெய்க்கடைப் பாக்கியைப் பார்த்து முழித்தவள்தான். ஒரு நாள் உட்கார்ந்து, அதுவரை இரண்டு தடவைக்கு மேல் வாங்கினவர்கள் யார் என்று நோட்டில் எழுதினேன். முக்கால்வாசிப் பேர் கல்யாணச் சீருக்கு வாங்கினவர்கள், அதுவும் வெளியூரில் இருக்கிற நம் பக்கத்துக் குடும்பங்கள். வீடியோவைப் பார்த்து வந்தவர் ஒருவர் கூட இல்லை, சமையல்காரர் சொல்லியும் சம்பந்தி வீட்டில் சாப்பிட்டும் வந்தவர்கள். அன்றைக்கு விளம்பரத்தை நிறுத்திவிட்டு, கல்யாணச் சமையல்காரர்கள் பதினைந்து பேர் வீட்டுக்கு ஆளுக்கு ஒரு டப்பா எடுத்துக்கொண்டு நேரில் போனேன்.

தம்பி, உங்கள் தொழிலில் வீடு கட்டுகிறவர் வாழ்க்கையில் ஒரு தடவைதான் கல் வாங்குவார். திரும்பத் திரும்ப வாங்கக்கூடியவர் யார் என்று யோசியுங்கள். ஆர்க்கிடெக்ட், இன்டீரியர் செய்கிறவர், ரிசார்ட் கட்டுகிறவர், இவர்கள்தான். ஒரு ஆர்க்கிடெக்ட் மனதுக்கு நீங்கள் பிடித்துப்போனால் வருஷத்துக்கு மூன்று வீடு வரும். அவருக்கு வீடியோ வேண்டாம், கையில் தொட்டுப் பார்க்கக் கல் வேண்டும். நாலு கல்லை நல்ல பெட்டியில் போட்டு, கூடவே பராமரிப்புத் தாள் ஒன்று வைத்து, விலைக்கே அனுப்புங்கள், ஆர்டர் வந்தால் அந்தப் பணத்தைக் கழித்துக்கொள்ளலாம். சும்மா கொடுத்தால் ஷெல்ஃபில் தூங்கும். இன்னொன்று, அவர்கள் கட்டாயம் பரிசோதனைச் சான்று கேட்பார்கள். சிமென்ட் தரைக்கல்லுக்கு ஐ.எஸ். 1237 என்று இந்தியத் தரநிலை இருக்கிறது, வலு, தண்ணீர் உறிஞ்சுவது, தேய்மானம் எல்லாம் அதில் வரும். உங்கள் கல்லை அந்த முறைப்படி ஒரு லேபில் கொடுத்துப் பார்த்து அறிக்கையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காரைக்குடியில் 1952-லிருந்து அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது, சிவில் துறையில் போய்க் கேட்டால் வழியாவது சொல்வார்கள்.

விசாரிக்கிற 600 பேருக்கும் பதில் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். கட்டடம் எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை சதுர அடி, தரையை முடிவு செய்வது யார் என்று மூன்றே கேள்வி. மூன்றுக்கும் பதில் சொல்கிறவரிடம் மட்டும் போனில் பேசுங்கள். கண்ணாடி பிரிக்கிற வீடியோவையும் குறைத்துவிட்டு, பத்து வருஷம் புழங்கின தரையைக் காட்டுங்கள். பளபளப்பு எங்கே என்று கேட்கிறவர்களுக்கு அதுதான் பதில்.

கண்டனூர் ஐயா:

வேலை ஆள் போனதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், எனக்கு அதுதான் மனதில் தைத்தது.

என் பாட்டனார் பர்மாவில் ஒரு மார்க்காவில், அதாவது நகரத்தார் வட்டிக்கடையில், வேலை பார்த்தவர். பெட்டியடிப் பையன் என்கிற எடுபிடியாகப் போய், அடுத்தாள் என்கிற உதவியாளராகி, பிறகு கடையையே நடத்துகிற மேலாள் ஆனவர். அந்தக் காலத்து நகரத்தார் கடைகளில் முதலாளி இங்கே ஊரில் இருப்பார், கடையே கடல்தாண்டி இருக்கும், முதலாளி கண் முன்னால் ஒரு காசு நடமாடாது. எப்படி நம்பி விட்டார்கள்? மூன்று வருஷத்துக்குப் போகிற ஆளுக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே வீட்டில் கொடுத்துவிடுவார்கள். அதுவும் அட்வான்ஸ்தான். ஆனால் அதோடு நிற்கவில்லை, லாபத்தில் அவருக்குப் பங்கு உண்டு. பேரேட்டில் கணக்கு எழுதி, ஐந்தொகை என்கிற வரவு செலவு இருப்புக் கணக்கை முடித்தால் யாருக்கு எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். பையனாகச் சேருகிறவனுக்கு, தான் நாளைக்கு எந்த நாற்காலியில் உட்காருவோம் என்பது முதல் நாளே தெரிந்திருந்தது.

உங்கள் பட்டறை ஆளுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்பா காலத்தில் லாரி ஏறும்போது எத்தனை கல் என்று அவர் கண்ணால் பார்த்தார். இப்போது நீங்களும் உங்கள் நண்பரும் லேப்டாப்பில் பார்க்கிறீர்கள். அவர் கை வீடியோவில் வருகிறது, லட்சம் பேர் பார்க்கிறார்கள், அவர் பெயர் எங்காவது வந்ததா? ஒரு கல் உடைந்து திரும்பினால் அவரைக் கேட்டீர்களா, இல்லை அவர் மேல் போட்டீர்களா? நான் குற்றம் சொல்லவில்லை, கேட்டுக்கொள்ளச் சொல்கிறேன்.

செய்யக்கூடியது இது. மாதம் ஒரு நாள் எல்லோரையும் உட்காரவைத்து, எத்தனை கல் போனது, எவ்வளவு வந்தது, எத்தனை உடைந்தது என்று கணக்கை வாய்விட்டுப் படியுங்கள். உடையாமல், புகார் இல்லாமல் போய்ச் சேர்ந்த கல்லுக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலிக்கு மேலே ஒரு தொகை வையுங்கள், சிறியதானாலும் தவறாமல் கொடுங்கள். கல்லின் முதுகில் உங்கள் விலாசத்தோடு போட்டவர் அடையாளமும் இருக்கட்டும். போனவர் வீட்டுக்கு நேரில் போங்கள், திரும்பக் கூப்பிடுவதற்காகப் போகாதீர்கள். அப்பாவையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

காரைக்குடி மெக்கானிக்கல்:

பிரஸ் பற்றி யாரும் எழுதவில்லை, நான் சொல்கிறேன். ஹைட்ராலிக் பிரஸ் கெட்டது என்று இல்லை, பிரஸ் போட்ட சிமென்ட் டைல் உலகம் முழுக்க நல்ல பொருள்தான், மும்பையில் அந்த வகைக் கல் செய்கிற கம்பெனி 1922-லேயே ஆரம்பித்திருக்கிறது. ஆனால் அது வேறு பொருள். அங்கே நிறம் இரும்பு அச்சில் விழுந்து அழுத்தத்தில் இறுகுகிறது, முகம் மங்கலாக இருக்கும். உங்கள் கல்லின் முகம் கண்ணாடியில் பிறக்கிறது. அச்சைத் தூக்கியதும் நிறம் ஒன்றோடொன்று லேசாகக் கலங்கி நிற்கிற அந்தக் கோடு, அதைப் பார்த்துத்தான் ஆத்தங்குடி என்று சொல்கிறார்கள். பிரஸ் வாங்கினால் அன்றைக்கே நீங்கள் பழைய பிரஸ் கம்பெனிகளோடும், பூக்கல் டிசைனைப் பிரிண்ட் போட்டு அனுப்புகிற குஜராத் மோர்பி ஆலைகளோடும் விலையில் மோத வேண்டிவரும். அந்தச் சண்டைக்கு உங்களிடம் பணம் இருக்கிறதா?

புதுமை வேண்டும் என்றால் பட்டறைக்குள்ளேயே நிறைய இடம் இருக்கிறது. நிறத்துக்குப் போடுகிற ஆக்ஸைடுப் பொடியைக் கரண்டிக் கணக்கில் போடுவதை நிறுத்திவிட்டு எடைமெஷினில் நிறுத்து, ஒவ்வொரு கலவைக்கும் நோட்டில் எண் எழுதுங்கள். மேஸ்திரி சொன்ன நிறம் மாறுகிற பிரச்சினை பெருமளவு அங்கேயே தீரும். அச்சைப் புது டிசைனுக்குக் கம்ப்யூட்டரில் வரைந்து வெட்டிக்கொள்ளலாம், ஐடி படித்த இருவருக்கு அது பெரிய விஷயம் இல்லை. பேக்கிங் இன்னும் முக்கியம். கல்லைப் படுக்கவைத்து அடுக்குகிறீர்களா? 8 அங்குலக் கல் சதுர அடிக்கு 2.25 வரும், 900 அடிக்கு இரண்டாயிரத்துக்கு மேல் கல், அத்தனை கனமும் அடிக்கல் மேல் உட்காரும். நிற்கவைத்து, முகத்தோடு முகம் சேர்த்து, நடுவில் தாள் வைத்து, மரச்சட்டப் பெட்டியில் இறுக்கி அனுப்புங்கள். பிரஸ் விலையில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகாது.

ஆத்தங்குடிப் பட்டறை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு இதை அப்பாவுக்கும் பார்ட்னருக்கும் சேர்த்து வாசித்துக் காட்டினேன். பணம் போடுகிறவரிடம் ஆறு மாதம் தள்ளிப் பேசலாம் என்று பார்ட்னர் ஒத்துக்கொண்டான், முழு மனதோடு இல்லை, ஆனால் ஒத்துக்கொண்டான். படுக்கவைத்துத்தான் அடுக்கிக்கொண்டிருந்தோம். இன்று காலையில் முதல் மரப்பெட்டிக்கு ஆசாரியிடம் அளவு கொடுத்துவிட்டேன்.

கண்டனூர் ஐயா, வேலையை விட்டுப் போனவர் வீட்டுக்கு அப்பாவோடு போனோம். காபி கொடுத்தார், வெகுநேரம் பேசவில்லை. கிளம்பும்போது சொன்னார், ஹைதராபாத் லோடில் கல் சரியாகக் காயவில்லை, இரண்டு நாள் பொறுக்கலாம் என்று உங்களிடம் சொன்னேன், நீங்கள் லாரி புக் ஆகிவிட்டது என்று ஏற்றினீர்கள், பிறகு புகார் வந்தபோது என்னிடம் கேட்டீர்கள் என்று. எனக்கு அது நினைவிலேயே இல்லை. மன்னிப்புக் கேட்டேன். திரும்பி வருவதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இனி கல் காய்ந்ததா என்று அச்சு போட்டவர் சொன்ன பிறகுதான் லாரி புக் செய்வது என்று பட்டறையில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

மேஸ்திரி அண்ணே, மைசூரில் 640 சதுர அடி ஒரு வேலை இருக்கிறது, கல் இறுகுவதற்காகத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கிறது. நீங்களோ உங்களுக்குத் தெரிந்த ஆளோ வரமுடியுமா, கூலி என்ன என்று தனியாக எழுதுங்கள். பராமரிப்புத் தாளையும் எழுதி அனுப்புகிறேன், தப்பு இருந்தால் திருத்திக் கொடுங்கள்.

பள்ளத்தூர் மேஸ்திரி:

வருகிறேன் தம்பி. வெள்ளிக்கிழமை பட்டறைக்கு வந்து கல்லைப் பார்த்துவிட்டுக் கூலி பேசுவோம். தாளில் ஆசிட் விஷயத்தை முதல் வரியிலேயே, பெரிய எழுத்தில் போடுங்கள், கன்னடத்திலும் இருக்கட்டும்.