புதுப்பிப்பு: மேசை ரம்பம் இடத்துக்குள் அடங்கிவிட்டது

210 செ.மீ. அகல மேசை ரம்பத்தை 170 செ.மீ. இடத்துக்குள் எப்படி அடக்குவது என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி. இப்போது அகலம் 162 செ.மீ.

ஃபென்ஸ் (பலகையை நேராகச் செலுத்த அணைகொடுக்கும் நகரும் சட்டம்) ஓடும் குழாய்களை இடப்பக்கம் நகர்த்தும் யோசனையைத்தான் முதலில் முயன்றேன். நீட்டல் பக்கம் மாறியதே தவிர அகலம் குறையவில்லை. (கணக்குப் போட்டிருந்தால் அரை நாள் மிஞ்சியிருக்கும்.) பலித்தது, வலப்பக்க நீட்டிப்புப் பலகையைக் கழற்றிவிட்டு இரு குழாய்களையும் அறுக்கச் சொன்ன யோசனை. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, இரும்பு அறுக்கும் கை ரம்பத்தால் 48 செ.மீ. அறுத்தேன். பிசிறை அரத்தால் ராவியபின்தான் ஃபென்ஸ் தடையின்றி ஓடியது.

எதிர்பாராதது ஒன்று: குழாய் முனையின் மூடியும் அறுபட்ட துண்டோடு போய்விட்டதால், ஃபென்ஸ் நேராகக் கழன்று என் காலருகே விழுந்தது. மரக்கட்டையைச் செதுக்கி, முனையில் தடுப்பாகத் திருகிவிட்டேன். குழாய்களைத் திரும்பப் பூட்டியதும் ஃபென்ஸ், மேசையில் முன்னிருந்து பின்னாக ஓடும் பள்ளத்துக்கு இணையாக இருக்கிறதா என்று முன்னும் பின்னும் அளந்துவிடுங்கள். ஃபென்ஸின் பின்முனை ரம்பத் தகட்டை நோக்கிச் சாய்ந்திருந்தால் பலகை இறுகி உங்கள்மீதே பாயும்.

ஃபென்ஸுக்கும் ரம்பத் தகட்டுக்கும் இடையிலான அதிகபட்ச தூரம் 130 செ.மீ.யிலிருந்து 82 ஆகிவிட்டது. முழு ஒட்டுப்பலகையை இனி கை வட்ட ரம்பத்தால்தான் பிளக்க வேண்டும்.