ஸ்பீக்கருக்குக் கட்டும் 'சேஃப்டி'க்குத் தமிழ் என்ன?

வணக்கம். மண்டபங்களில் ஸ்பீக்கர் கட்டும் பையன்களுக்காக ஒரு பக்கச் சரிபார்ப்புத் தாள் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஷேக்கிள், ஐ-போல்ட் போன்ற மாட்டும் உருப்படிகளின் பெயர்களை அப்படியே விட்டுவிட்டேன். கடையில் அப்படிக் கேட்டால்தான் கிடைக்கும். ஒன்றில்தான் மாட்டிக்கொண்டேன். கிளாம்ப் கழன்றாலும் பெட்டி கீழே விழாமலிருக்கத் தனியாக ஓர் எஃகுக் கயிறு கட்டுகிறோமே, அதைச் 'சேஃப்டி' என்கிறார்கள். இடுப்பு பெல்ட்டும் அவர்களுக்குச் சேஃப்டிதான். "சேஃப்டி போட்டாச்சா?" என்று கேட்டால் பெல்ட்டைத் தொட்டு, "போட்டாச்சுண்ணே" என்கிறார்கள். 'காப்புக் கம்பி' என்று எழுதினேன். எலக்ட்ரீஷியன் அதை எர்த் கம்பி என்று எடுத்துக்கொண்டார். உதவுங்கள்.
— திருச்சி

ஐயா, சொல் நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது. புறநானூறு 102இல் ஔவையார், "உமணர் கீழ்மரத்து யாத்த சேம அச்சு அன்ன" என்கிறார். எருது இளையது, பாரம் பெரியது, வழியெல்லாம் மேடு பள்ளம். உப்பு வணிகர் வண்டியின் அடிமரத்தில் இன்னோர் அச்சைக் கட்டிவைத்தார்கள். உங்கள் கயிறும் அதுதானே? 'சேமவடம்' என்று வையுங்கள். தேர் ஓடும் ஊர்களில் வடம் என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.
— தஞ்சாவூர்

சேமம் என்பது வடமொழி க்ஷேமம். வடமொழியை விட்டு ஏன் போக முடியவில்லை நமக்கு? காவலுக்கு ஏமம் என்ற சொல் இருக்கிறதே. வள்ளுவர் "இனமென்னும் ஏமப் புணையைச் சுடும்" என்கிறார். 'ஏமவடம்' இருக்கட்டும்.
— கோவை

தம்பி, ஏமமே முன்னே சகரம் ஏறிச் சேமமாயிற்று என்பது என் துணிபு. ஏண், சேண் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். உயரம் என்ற பொருள் இரண்டிலும் இருக்கிறது. அப்புறம் ஏணி...
— தஞ்சாவூர்

ஐயா, மன்னிக்க வேணும், ஏணியைப் பிறகு பார்ப்போம். சேம அச்சு உவமையில் எனக்கு ஒரு தடை இருக்கிறது. அச்சு முறிந்தால் உமணர் வண்டியை நிறுத்தி, பாரத்தை இறக்கி, மாற்று அச்சைப் பூட்டலாம். ஸ்பீக்கர் கழன்றால் அந்த அவகாசம் கிடையாது. விழுகிற அந்தக் கணத்திலேயே கயிறு பிடிக்க வேண்டும். அதனால்தான் தொய்வு இல்லாமல் கட்டச் சொல்கிறோம். 30 கிலோ பெட்டி 30 செ.மீ. தொய்வில் விழுந்து 1 செ.மீ.க்குள் நின்றால், சராசரி இழுவை எடையைப் போல 31 மடங்கு, அதாவது 900 கிலோவுக்கும் மேல். பெட்டியின் எடையைத் தாங்கும் கயிறு போதும் என்று நினைத்துக் கட்டினால் அது அறுந்துவிடும். 'சேமவடம்' என்று எழுதினால் ஸ்டோரில் எடுத்து வைத்த கயிறு என்றுதான் பையன்கள் நினைப்பார்கள். விழுவதை ஏந்திக்கொள்வது 'ஏந்துவடம்' என்றால் என்ன?
— யாழ்ப்பாணம்

ஏந்துதல் என்றால் கையேந்துதலும்தானே? மனம் ஒப்பவில்லை.
— தஞ்சாவூர்

மழலையை ஏந்துவதும் ஏந்துதல்தான், ஐயா. ஏமவடம் என்றால் ஏமாற்று நினைவு வரும் என்று வீட்டிலேயே சொல்லிவிட்டார்கள். நான் ஏந்துவடத்துக்கு வருகிறேன்.
— கோவை

அனைவருக்கும் நன்றி. தாள் அச்சுக்குப் போய்விட்டது. 'ஏந்துவடம் (சேஃப்டி)' என்றே போட்டிருக்கிறேன். அடைப்புக்குறியை எடுக்கத் துணிவு வரவில்லை. நேற்றுப் பையன்களுக்கு வாசித்துக் காட்டினேன். ஒருவன், "அப்போ இதையும் அதே கிளாம்ப்லயே மாட்டினா எப்படிண்ணே ஏந்தும்?" என்றான். நான்கு மண்டபங்களில் அப்படித்தான் மாட்டியிருக்கிறார்களாம். கட்டடத்தில் வேறோர் இடத்தில் மாட்ட வேண்டும் என்று தாளில் எழுத விட்டுப்போயிருந்தது. அந்த வரியைக் கையால் எழுதி ஒட்டிவிட்டேன்.
— திருச்சி

வரியைச் சேர்த்தது நல்லது. அடுத்த பதிப்பில் சேமவடத்தையும் அந்த அடைப்புக்குறிக்குள் சேர்க்க வேண்டுகிறேன். ஏணி பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.
— தஞ்சாவூர்