மழைக்கு அப்புறம் செம்மறி முதுகில் பொருக்கு: சொறி ஊசிக்குக் கேட்கவில்லை

குறிஞ்சிப்பாடியிலிருந்து கேள்வி:

வணக்கம். எங்களிடம் சென்னைச் சிவப்பு செம்மறி 38 உருப்படி இருக்கிறது. கார்த்திகை மழையில் எட்டு நாள் பட்டி காயவே இல்லை. மேலே தார்ப்பாய் மட்டும்தான். இப்போது 6 குட்டிக்கும் 2 தாய் ஆட்டுக்கும் காது நுனி, மூக்கு, முதுகு எல்லாம் பொருக்குக் கட்டியிருக்கிறது. நேற்று ஒரு குட்டியைத் தடவினேன். மயிர் கற்றை கற்றையாக ஒட்டி நின்றது. ஒரு பொருக்கு கையோடு வந்துவிட்டது. மேலே மயிர் பிரஷ் மாதிரி நிற்கிறது, அடிப்பக்கம் குழிந்து மஞ்சள் சீழ். குட்டி துடித்துப்போனது. சொறி என்று நினைத்து ஐவர்மெக்டின் போட்டுப் பத்து நாள் ஆகிறது, குறையவில்லை. இத்தனைக்கும் ஒரு ஆடுகூட உடம்பை உரசிக்கொள்வதில்லை. இது அம்மையா? வேப்பெண்ணெய் தடவலாமா?

பண்ருட்டியிலிருந்து:

அம்மை என்றால் காய்ச்சல் கடுமையாக இருக்கும். வாலடி, தொடையிடுக்கு மாதிரி மயிரில்லாத இடங்களில் கொப்புளம் தெரியும். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

புவனகிரியிலிருந்து:

தம்பி, முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினீர்களா? இது மனிதருக்கும் ஒட்டும். இனிமேல் உறை போடாமல் தொடாதீர்கள்.

உரசவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முக்கியம். சொறியாக இருந்தால் அரிப்புத் தாங்காமல் வேலியில் தேய்க்கும். நீங்கள் சொல்வது டெர்மடோஃபிலோசிஸ் மாதிரி இருக்கிறது. இது பாக்டீரியா நோய். ஐவர்மெக்டின் சொறிப் பூச்சியைத்தான் கொல்லும், பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. பொருக்கு நனைந்தால் அதற்குள் இருக்கும் கிருமி நீந்தும் வித்துகளாக வெளியே வரும். மழையில் ஊறிய தோல், கருவேல முள் கீறல், உண்ணிக் கடி, எதிலும் புகுந்துவிடும்.

2015 வெள்ளத்தில் எங்கள் பட்டியிலும் இதே கதை. அவசரப்பட்டு நான் பொருக்கையெல்லாம் பிய்த்து வேப்பெண்ணெய் அப்பினேன். எண்ணெய்க்கு அடியில் ஈரம் தங்கிப் புண் பெரிதானது. பிய்த்த பொருக்கைப் பட்டியிலேயே போட்டேன். காய்ந்த பொருக்கிலும் கிருமி பல நாள் உயிரோடு இருக்கும் என்று அப்போது தெரியாது. இரண்டு குட்டி போய்விட்டது. இன்றைக்கும் அது மனதை அறுக்கிறது.

அப்புறம் மருத்துவர் பொருக்கைக் கரைத்துச் சாயம் போட்டு நுண்ணோக்கியில் காட்டினார். தண்டவாளம் மாதிரி இணை வரிசையாகப் புள்ளிகள். பெனிசிலின்-ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டார். நீண்ட நேரம் வேலை செய்யும் ஆக்ஸிடெட்ராசைக்ளினும் கேட்கும் என்றார். அளவு எடையைப் பொறுத்தது, நீங்களாகப் போடாதீர்கள். ஊசி போட்ட ஆட்டை எத்தனை நாள் கறிக்கு விற்கக்கூடாது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கு அழைத்தால் வண்டி வரும்.

குறிஞ்சிப்பாடியிலிருந்து:

கை கழுவிவிட்டேன் அண்ணா. காய்ச்சல் இல்லை, வாலடியும் சுத்தமாக இருக்கிறது. எட்டையும் பிரித்து மாட்டுக் கொட்டகை மேட்டில் வைக்கோல் பரப்பிக் கட்டியாயிற்று. பொருக்கைக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். 1962-க்கும் சொல்லிவிட்டேன். பட்டிக்கு இரண்டு வண்டி கிராவல் கொட்டி மேடாக்கப்போகிறேன்.