மாவுப்பூச்சிக்குப் பொறிவண்டும் குளவியும் சேர்த்து விடலாமா?

கேள்வி (ராமமூர்த்தி நகர், பெங்களூரு): மாடித்தோட்டத்துப் பப்பாளியிலும் செம்பருத்தியிலும் மாவுப்பூச்சி அப்பியிருக்கிறது. கிரிப்டோலேமஸ் பொறிவண்டையும் ஒட்டுண்ணிக் குளவியையும் ஒன்றாக விட்டால், வண்டு குளவியின் குஞ்சுகளையும் தின்றுவிடாதா?

மறுமொழி (ஹெப்பாள்): தின்னும், ஆனால் எல்லாவற்றையும் அல்ல. குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்ட தொடக்க நாள்களில் அவ்வுடல் மென்மையாகவே இருப்பதால் வண்டு வேறுபாடு பார்ப்பதில்லை. அது இறுகிக் கூடாக மாறிய பிறகு பெரும்பாலும் ஒதுக்கிவிடும். ஆகவே குளவியை முதலில் விட்டு, கூடுகள் தென்பட்ட பின், பூச்சி அடர்ந்த கிளைகளில் மட்டும் வண்டை விடுங்கள். பப்பாளி மாவுப்பூச்சி என்று உறுதியானால், 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து இந்தியாவுக்குத் தருவிக்கப்பட்ட அசெரோபேகஸ் பப்பாயே குளவியே பெரும்பாலும் போதுமானது. வண்டு மாவுப்பூச்சியின் அடர்த்தியைக் குறைக்கும். எஞ்சியதைத் தேடிப் பிடிப்பது குளவி.

மறுமொழி (ஜெயநகர்): எறும்பை மறந்துவிடாதீர்கள். மாவுப்பூச்சி வெளியேற்றும் இனிப்பான தேன்கழிவுக்காக எறும்பு அதைக் காவல் காத்து, வண்டு, குளவி இரண்டையும் விரட்டும். இன்னொன்று: அவ்வண்டின் புழுவும் வெள்ளை மெழுகிழைகளோடு மாவுப்பூச்சியைப் போலவே தோன்றும், ஆனால் அளவில் பெரியது, விறுவிறுவென நகரும், அதைப் பூச்சியென்று நசுக்குபவர்களே அதிகம்.

கேள்வி கேட்டவர்: நன்றி. சென்ற வாரம் வேப்பெண்ணெய் தெளித்தேன், உடனே விடலாமா?

மறுமொழி (ஹெப்பாள்): சற்றுப் பொறுங்கள். இனித் தெளிப்பு வேண்டாம்.