யு.வி. விளக்கு எரிந்தும் தொட்டித் தண்ணீர் பச்சையாகவே இருக்கிறது

வணக்கம். டர்பன், சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். 200 லிட்டர் தொட்டி, நான்கு தங்கமீன்கள். ஐந்து வாரமாகத் தண்ணீர் பச்சை; பின்பக்கக் கண்ணாடியே தெரியவில்லை. மீன்கள் நன்றாகத் தின்கின்றன, அதுவரை நிம்மதி.

பச்சைக்குக் காரணமான பாசியைக் கொல்ல 11 வாட் யு.வி. (புற ஊதாக் கதிர்) விளக்கு வைத்திருக்கிறேன், வாங்கி இரண்டு வருடம். நீல வெளிச்சம் வருகிறது. ஆனால் பாசியைக் கொல்லும் 254 நானோமீட்டர் கதிர் கண்ணுக்குத் தெரியாதே, அது இன்னும் வருகிறதா என்று எப்படித் தெரியும்! விளக்கை மூடியிருக்கும் குவார்ட்ஸ் குழாயை வினிகரில் ஊறவைத்துத் துடைத்தேன். வாராவாரம் பாதித் தண்ணீரை மாற்றினேன், குளோரின் நீக்கித்தான். ஜன்னல் திரையை மூடினேன், தீனியையும் குறைத்தேன். அமோனியா பூஜ்யம், நைட்ரேட் 40. பம்ப் விளக்கு வழியாக மணிக்கு 1,500 லிட்டர் தள்ளுகிறது.

கடைக்காரர் தண்ணீரில் ஓசோன் வாயுவை விடும் கருவி வைக்கச் சொல்கிறார். தொட்டியில் ஓசோன் மிஞ்சினால் மீன்களின் செவுள் புண்ணாகிவிடும். எனக்கு மனசு வரவில்லை.

முதலில் விளக்கை மாற்றவா, பம்ப் வேகத்தைக் குறைக்கவா?